துணி கட்டிய பக்கம் வடக்கு

"யாரு பாத்தது? பேரச் சொல்லு."

"பஸ்சுல போனவங்க பாத்தாங்க குஞ்சம்மா. வெள்ளிமலைச் சந்தையில. உன் தம்பி தலையில சாமை மூட்டையாம், பின்னாலயே ஒரு மலைக்காரப் பொம்பளையாம்."

"பஸ்சுல போனவங்களுக்குப் பேரு இல்லியா? அப்பன் ஆத்தா வைக்கலியா?"

ரேஷன் கடை வரிசையில் பெரியநாயகி எனக்கு முன்னால் நின்றாள். மண்ணெண்ணெய் டின்னைக் காலால் நகர்த்திக்கொண்டே பேசினாள். திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கட்டும் என்று பேசுகிறவளுக்கு என் முகம் எதற்கு?

"நான் இன்னாத்துக்குப் பொய் சொல்லணும்? உங்ககூட வேலை செஞ்ச பாவாடையே சொல்றான். ஆபீசு கல்ல எடுத்து வித்துட்டானாம். ஆபீசரை ஏமாத்திட்டு, போலீசு வரதுக்குள்ள மலை ஏறிட்டானாம்."

"கல்ல எவன்டி காசு குடுத்து வாங்குவான்? உன் வூட்டுக்காரன் வாங்குவானா? பாவாடை சொன்னானா? மழையில அந்தக் கல்லைக் கோணியில போட்டு இழுத்தவனே அவன்தான். அதைச் சொன்னானா உங்கிட்ட?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால் மீதியையும் சொல்ல வேண்டி வந்திருக்கும். அன்றைக்கு எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

இப்போது பெரியநாயகி இல்லை. பாவாடையும் போய்ச் சேர்ந்துவிட்டான். போன தம்பி திரும்பவே இல்லை. பேச்சு மட்டும் சாகவில்லை. மாயவன் என்றால் கல் திருடின மாயவன்தானே என்று, அவனைப் பார்த்தே இராத பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. வாயால் சொல்கிறேன், அப்படியே எழுதட்டும். ஒரு வார்த்தை மாற்ற வேண்டாம்.

மாயவன் எனக்கு ஆறு வயது இளையவன். எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கம், மலை அடிவாரம். நிலம் கிடையாது. கிணறு வெட்டுகிற கூட்டம் நாங்கள். ஆண்கள் கடப்பாறை போட்டால் பெண்கள் வடம் இழுத்து மண் கொட்டுவோம். எங்கள் அப்பன் முனியன் கிணற்றுக்குள்ளேயேதான் செத்தான். அது எப்படி என்று சொன்னால்தான் பின்னால் நடந்தது விளங்கும்.

நாங்கள் கிணறு தொடங்கும்போது பூசை போடுவோம். ஒரு கல்லைக் கரையில் நட்டு, அதற்குக் குங்குமச் சிவப்பு வைத்து, அது பார்த்துக்கொண்டிருக்கத்தான் உள்ளே இறங்குவோம். இருக்கிற இடத்தில் சிவப்பு வாங்கிய கல் சாமிக் கல். அதை அப்புறம் பேர்க்கக் கூடாது. வேலை முடிந்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். ஒருமுறை நிலத்துக்காரர் அவசரத்தில், குழிக்குள்ளே துருத்திக்கொண்டிருந்த பாறைக்கே குங்குமம் வைத்துப் பூசையை முடித்துவிட்டார். நாலாம் நாள் அந்தப் பாறை வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது, எடு என்றார். அப்பன் மாட்டேன் என்றான். கூலி கிடையாது என்றார்கள். எடுத்தான். பாறை அசைந்ததும் மேற்குச் சுவர் முழுசாக வந்து அவன்மேல் உட்கார்ந்தது. நான் மேலே வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வடம் தொய்ந்துபோனது என் கையில்தான் தெரிந்தது.

பாறையை எடுத்ததால் சுவர் விழுந்தது, குங்குமத்தால் அல்ல என்று படித்தவர்கள் சொல்லலாம். சொல்லிக்கொள்ளட்டும். வடம் அவர்கள் கையில் இல்லை.

எமர்ஜென்சி போட்ட வருஷம் நாங்கள் கிழக்கே வேலைக்குப் போயிருந்தோம். உளுந்தூர்பேட்டையைத் தாண்டி விருத்தாசலம் பக்கமாகச் செம்மண் பூமி. எங்கள் ஊர்க் கருங்கல் போல வெடி வைக்க வேண்டியதில்லை. மணலே இறுகிக் கல்லாகிப்போன இடம். கடப்பாறையால் பலகை பலகையாகப் பேர்க்கலாம். அங்கேதான் ஜீப்பில் செல்லமுத்து சார் வந்தார். அரசாங்கத்துக் கல் ஆபீசர். என் தம்பியைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். இடது கால் சூம்பிப்போய், கட்டை ஊன்றி நடப்பார். கிணற்று விளிம்பில் குப்புறப் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். ஆபீசர் மண்ணில் படுத்ததை நாங்கள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மாயவன் ஒரு பலகைக் கல்லோடு மேலே வந்தான்.

"சார், இது இன்னா சார், மாட்டு மேல்வாய் கணக்கா வரி வரியா கீது?"

சார் சிரித்தார். "மாட்டு வாயைத் தொறந்து பாத்திருக்கியா?"

"மாடு மேய்ச்சவன் சார். பல்லு பாக்கறப்ப மேல்வாயும் தெரியும்ல?"

"அது அலை போட்ட வரிப்பா. இங்க கடல் இருந்துச்சு. ரொம்ப ஆழமில்ல, இடுப்பளவு தண்ணி."

"கடலு இருந்திச்சா?" என்றான் பாவாடை. "அப்ப கருவாடு எங்க சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். சார் கோபப்படவில்லை. கொட்டிக் கிடந்த கல்லைக் கட்டையால் கிளறி ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் கிளிஞ்சல் அச்சு, தாலிப் பொட்டு அளவுக்கு. பாவாடையின் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த ஊர்ப்பக்கம் எல்லாம் தட்டை பூமி. மேலே தெரிகிற கல் வெயிலிலும் மழையிலும் உளுத்துக் கிடக்கும். புதிதாக வெட்டுகிற கிணற்றுச் சுவரில்தான் அடுக்கு அப்படியே தெரியும். சாருக்கோ கிணற்றில் இறங்கக் காலில்லை. மாயவனைத் தினக்கூலிக்கு வைத்துக்கொண்டார். இருபது மைல் சுற்றில் எங்கே கிணறு வெட்டினாலும் இவன் இறங்கி அடுக்கு அடுக்காகக் கல் எடுத்துக் கொடுக்க வேண்டும். நாலு கோடை அந்த வேலை.

அவன் கற்றுக்கொண்டதை எல்லாம் சாப்பிடும்போது என்னிடம் சொல்லுவான். வரியின் இரண்டு பக்கமும் ஒரே சரிவாக இருந்தால் அலை முன்னும் பின்னும் ஆடின இடம். ஒரு பக்கம் செங்குத்தாக இருந்தால் தண்ணீர் ஒரே போக்காகப் போன இடம், செங்குத்துப் பக்கம் எதுவோ அந்தப் பக்கம் போயிருக்கிறது. களத்தில் நெல்லைக் கொட்டக் கொட்டச் சரிந்து விழும் பார், அதுபோல மணல் சரிந்து சரிந்து படிந்த சாய்ந்த அடுக்கும் அப்படித்தான் போக்கைச் சொல்லும். கல்லுக்குள் விரல் பருமனில் நேராகக் கீழே இறங்குகிற குழாய் இருந்தால், அலை ஓங்கி அடிக்கிற இடத்தில் பூச்சி பயந்து ஆழமாக வளை போட்டது. படுக்கை வாட்டில் ஊர்ந்த தடம் இருந்தால் அமைதியான தண்ணீர். ஒரு அடுக்கில் ஆழம், அதற்கு மேல் அடுக்கில் கரை, அதற்கும் மேலே மறுபடி தண்ணீர்.

"கரை ஒரே எடத்துல நிக்கலக்கா," என்பான். "முன்னால போயிருக்கு, பின்னால வந்திருக்கு. கூலிக்குப் போற நம்மள மாதிரி."

கடலை அவன் பார்த்ததே இல்லை. சார் ஒருநாள் கடலூருக்கு ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனார். எல்லோரும் அலையைப் பார்த்துக்கொண்டு நிற்க, இவன் தண்ணீர் வடிந்த ஈர மணலில் குந்திக்கொண்டு வரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தானாம். திரும்பி வந்து என்னிடம் ஒன்றுதான் சொன்னான். "நம்ம கெணத்து அடியில கீறது, அங்க மேல கீதுக்கா."

சார் அவனுக்குக் கலாசி வேலைக்கு எழுதிப் போட்டிருந்தார். நிரந்தர வேலை. மூட்டை தூக்கலாம், கூடாரம் அடிக்கலாம், கல்லுக்குச் சீட்டு ஒட்டலாம். கிணற்றில் இறங்க வேண்டாம். இந்தக் கல் ஆராய்ச்சி முடிந்து பெரிய இடத்தில் ஒத்துக்கொண்டால் ஆர்டர் வந்துவிடும் என்றார். அவன் பொண்டாட்டி தைலம்மாள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டாள். அவளைவிட எனக்குத்தான் அந்த வேலை வேண்டியிருந்தது. அப்பனை விழுங்கின வாயில் இவன் தினம் தினம் இறங்குவதை வடத்தைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறவள் நான்.

இனி அந்தச் சிவப்புப் பெயிண்டுக்கு வருகிறேன்.

முதல் நாளே சார் ஒரு டின் சிவப்புப் பெயிண்டும், வடக்கு காட்டுகிற ஒரு டப்பாவும் கொடுத்தார். "கல்லு சுவத்துல இருக்கும்போதே, மேல்பக்கத்துல வடக்கைப் பாத்து அம்பு போட்டுடு, மாயவா. அப்புறம்தான் பேர்க்கணும். திசை தெரியாத கல்லு எனக்கு வேண்டாம். அது வெறும் கல்லு."

அவன் டின்னோடு இறங்கப் போனான். நான் வடத்தைப் பிடித்து நிறுத்தினேன்.

"இன்னாடா கையில?"

"பெயிண்ட்டுக்கா."

"செவப்பு. கீற எடத்துல கல்லுக்குச் செவப்ப வச்சிட்டு, அதுமேலயே கடப்பாறை போடுவியா? அப்பன மறந்துட்டியா?"

"இது குங்குமம் இல்லக்கா. ஆபீசு பெயிண்ட்டு."

"கல்லுக்குத் தெரியுமா ஆபீசு பெயிண்ட்டுன்னு? நீ டின்ன வச்சிட்டு எறங்கு. இல்லன்னா நான் வடத்தத் தொட மாட்டேன்."

அவன் டின்னைக் கீழே வைத்தான். பிறகு ஒரு வழி பண்ணினான். கூடைக்கு நாலு காது. அதில் ஒரு காதில் என் பழைய நீலச் சேலைக் கிழிசலைக் கட்டினான். கீழே டப்பாவைப் பார்த்து, கல் சுவரில் எப்படி இருந்ததோ அப்படியே மேல்பக்கம் மேலே இருக்க, வடக்குப் பக்கம் துணி கட்டின காதைப் பார்க்க, கூடையில் வைப்பான். வடத்தில் கூடை சுற்றினாலும் கவலை இல்லை, கல்லும் துணியும் சேர்ந்தேதான் சுற்றும். மேலே வந்ததும் கல்லை எடுக்காமலே, துணியைப் பார்த்து நான் அம்பு போடுவேன். இடம் விட்டுப் பெயர்ந்த கல்லுக்குச் சிவப்பு வைத்தால் தோஷமில்லை. முப்பத்தோரு கிணறு அப்படித்தான் செய்தோம். ஒரு கல் தப்பவில்லை. இதை நான் எந்தச் சாமி முன்னாலும் சொல்லுவேன்.

சாரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் சாயங்காலம் ஜீப்பில் வந்து கல்லை எடுத்துக்கொண்டு போவார். சொன்னால் சிரிப்பார் என்று மாயவனுக்குக் கூச்சம். வேறு கலர் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. நீலமோ பச்சையோ. அப்போது தோன்றவில்லை. ஆபீசர் ஒன்றைக் கொடுத்தால், இது வேண்டாம், வேறு கொடுங்கள் என்று கேட்கிற வழக்கம் எங்கள் கூட்டத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

முப்பத்திரண்டாவதுதான் கடைசி. எல்லாவற்றிலும் மேற்கே இருந்த கிணறு. சாருக்கு அதுதான் முக்கியம். கரை எந்த இடத்தில் முடிந்தது என்று அங்கேதான் தெரியும் என்றார். சித்திரை மாதம். காலையிலிருந்தே மூட்டமாக இருந்தது. உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில்தான் மாயவன் வேலை செய்தான். கல் எல்லாம் சேறு அப்பி வந்தது. கழுவினால்தான் உள்ளே ஓடுகிற சாய்ந்த வரி தெரியும்.

முதல் கல் மேலே வரும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் பெயிண்ட் நிற்கவில்லை, ஒழுகியது. அப்புறம் அடிக்கலாம் என்று கல்லைக் கூடையிலிருந்து எடுத்து, துணிப் பக்கம் ரோட்டைப் பார்க்கத் தரையில் வைத்தேன். நாலு கல்லையும் அப்படியே வரிசையாக வைத்தேன். அதுவரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மழை வலுத்தது. நான் வடத்தை விட முடியாது, தம்பி உள்ளே இருக்கிறான். பாவாடை ஓடிவந்து, "கல்லு நனையுது அக்கா" என்று நாலையும் கோணியில் தள்ளிக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனான். நல்லது செய்கிறதாகத்தான் செய்தான். கல் நனைந்தால் என்ன ஆகும்? கடலில் கிடந்த கல்.

மாயவன் மேலே வந்தான். உடம்பு முழுக்கச் சேறு. கிணற்றின் மேற்குச் சுவரில் கூடை கூடையாக மண் சரிந்து விழுகிற சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. கொட்டகையில் கோணிமேல் நாலு கல்லும் வரிசையாகவே இருந்தன. ஆனால் ரோடு இப்போது எந்தப் பக்கம்? பாவாடை கோணியைத் திருப்பி இழுத்தானா, நேராக இழுத்தானா? அவனைக் கேட்டால் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, துணிப் பக்கம் எது?" என்றான் மாயவன்.

நான் குனிந்து கல்மேல் இருந்த சேற்றை வழித்தேன்.

"தெரியலன்னா சொல்லுக்கா. மறுபடியும் எறங்கி வேற நாலு பேத்துகினு வந்துடறேன். வெளிச்சம் கீறப்பவே."

உள்ளே மறுபடி மண் விழுந்தது. அப்பன் செத்த அன்றைக்கும் மேற்குச் சுவர்தான்.

"தெரியலன்னு யாருடா சொன்னது?" என்றேன். "நான் வச்சது எனக்குத் தெரியாதா? இந்தப் பக்கம்."

"நெஜமாவா?"

"முப்பத்தோரு கெணத்துல தப்பு பண்ணேனா? டின்ன குடு."

நாலு கல்லுக்கும் நானே அம்பு போட்டேன். அவன் இறங்காமல் இருந்தால் போதும் என்றுதான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து சார் அந்தக் கிணற்றடிக்கே ஜீப்பில் வந்தார். இறங்கும்போதே சிரிப்பு. முப்பத்தோரு கிணற்றிலும் தண்ணீர் போக்கு தென்கிழக்காகக் கடலைப் பார்த்து இருக்கிறதாம். இந்த ஒரு கிணற்றில் மட்டும் மலையைப் பார்த்து, வடமேற்காக இருக்கிறதாம். அப்படியென்றால் இங்கே ஒரு நீண்ட மணல் திட்டு இருந்திருக்கிறது, அதற்குப் பின்னால் மலைப் பக்கமாகக் கடல் தண்ணீர் தேங்கின காயல் இருந்திருக்கிறது, கடல் பொங்கும்போது திட்டைத் தாண்டி உள்ளே பாய்ந்திருக்கிறது. இதுவரை யாரும் சொல்லாதது என்றார்.

"நீ எடுத்த கல்லுப்பா. என் பேரோட உன் பேரும் எழுதப்போறேன்."

என் தம்பிக்கு முகம் எப்படி ஆனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊருக்கு வந்து பார்க்கிறவர்களிடம் எல்லாம் காயலைப் பற்றியே பேசினான். தெருவில் குச்சியால் கோடு போட்டு, இது கடல், இது திட்டு, இது காயல் என்று காட்டினான். "உன் காயல்ல மீனு ஜாஸ்தியா கம்மியா?" என்று கேலி பண்ணினார்கள். அவனும் சிரித்தான். அவ்வளவு சிரித்து நான் அவனைப் பார்த்ததில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதோடு, நான் போட்டது சரியாகவே இருந்துவிட்டால்? நாலு கல்லும் நிஜமாகவே மலையைப் பார்த்திருந்தால்? அப்படியும் இருக்கலாம் அல்லவா என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன்.

தை மாதம் பெரிய ஆபீசர்கள் வந்தார்கள். புதுச் செய்தி என்பதால் நேரில் பார்க்க வேண்டுமாம். மற்ற கிணறுகளில் எல்லாம் தண்ணீர் வந்து, சுவருக்குக் கல் கட்டி முடித்தாகிவிட்டது. கட்டினதும் நாங்கள்தான். இந்தக் கடைசிக் கிணற்றில் மட்டும் தண்ணீர் வரவில்லை. அதனால் திறந்தே கிடந்தது. ஒரு இளவயது ஆபீசர் நூலேணி போட்டு டார்ச் லைட்டோடு இறங்கினார். ரொம்ப நேரம் ஆகவில்லை.

மேலே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் தென்கிழக்குதான். ஒரு அடுக்குகூட மேற்கே பாக்கல. கல்லுல போட்ட அம்பு நேர் தலைகீழா இருக்கு."

செல்லமுத்து சார் மாயவனைப் பார்த்தார். "அம்பை எங்க போட்ட? உள்ளயா, மேலயா?"

அவன் பொய் சொல்லவில்லை. "மேலதான் சார்."

"எல்லாக் கிணத்துலயுமா?"

"ஆமா சார்." பிறகு சிவப்பைப் பற்றி, அப்பனைப் பற்றி, நீலத் துணியைப் பற்றி, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சொன்னான். இளவயது ஆபீசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"யார் போட்டது இந்த நாலு அம்பை?" என்று கேட்டார் வந்த ஆபீசர்களில் பெரியவர்.

நான் பத்தடி தள்ளிக் கூடையோடு நின்றேன். என் வாய் திறந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை. அதற்குள் அவன் சொல்லிவிட்டான்.

"நான்தான் சார்."

"அப்ப அந்த முப்பத்தொண்ணும்? அதுல எது சரி, எது தப்புன்னு யாருக்குத் தெரியும்?"

"அது எல்லாம் சரிங்க சார். சத்தியமா சரிங்க."

"சத்தியத்தை ரிப்போர்ட்டுல எழுத முடியாதுப்பா."

அவ்வளவுதான். நாலு வருஷத்துக் கல்லும் செல்லாது என்று எழுதிவிட்டார்கள். சார் யாரையும் திட்டவில்லை. ஜீப்பில் ஏறும்போது கட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற கலர் வாங்கிக் குடுத்திருப்பேனே, மாயவா" என்றார். திட்டியிருக்கலாம்.

அவரை வடக்கே எங்கேயோ மாற்றிவிட்டார்கள். கற்களைச் சாரின் கூடாரம் இருந்த இடத்திலேயே ரோட்டோரம் கொட்டிவிட்டார்கள். மாயவன் போய் அந்த நாலில் ஒன்றைத் தேடி எடுத்து, கோணியில் சுற்றி, பஸ்ஸில் கொண்டுவந்து, அம்பு வடக்கைப் பார்க்க வாசலில் பதித்தான். அவன் திருடின கல் அதுதான். ஊரே பேசுகிற திருட்டு அதுதான்.

அப்புறம் அவன் சும்மா இருக்கவில்லை. அந்த முப்பத்தோரு கிணறும் சரி என்று காட்டிவிட்டால் சாருக்குப் பேர் திரும்பும், வேலையும் திரும்பும் என்று நினைத்தான். ஒவ்வொரு நிலத்துக்காரரிடமும் போய்க் கேட்டான். "குடிக்கிற தண்ணியில உன்ன எறக்கிட்டு நாங்க இன்னாத்த குடிக்கிறது?" என்றார்கள். வெட்டினபோது இறங்கினவன் இவன்தான். தண்ணீர் வந்த பிறகு ஆகாது. இரண்டு பேர் மட்டும் கோடையில் கூலி இல்லாமல் தூர் வாரிக் கொடுப்பதாக இருந்தால் இறங்கு என்றார்கள். இறங்கினான். சுற்றிலும் எங்கள் கையால் கட்டின கல் சுவர். அதற்குப் பின்னால்தான் அலை வரி இருக்கிறது. அந்தச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றானாம். தூர் வாரிவிட்டு வந்துவிட்டான்.

வாத்தியாரிடம் சொல்லி சாருக்கு மூன்று கடுதாசி போட்டான். பத்து மாதம் ஆயிற்று. அதற்குள் வாசல் கல்லில் இருந்த சிவப்பைப் பார்த்துத் தெருப் பெண்கள் மஞ்சள் தடவ ஆரம்பித்துவிட்டார்கள். ஆடி மாதம் யாரோ வேப்பிலைகூடச் செருகினார்கள். மாயவன் தடுக்கவில்லை. கிணற்று வேலைக்கு மறுபடி கூப்பிட்டார்கள். போனான். ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான், சாப்பிடமாட்டான். "மாமா கையில தெம்பே இல்ல நாத்தனாரே" என்று தைலம்மாள் என்னிடம் வந்து அழுதாள். அவளுக்கு நான் என்ன சொல்லுவேன்? காரணம் எனக்குத் தெரியும் என்றா?

சாரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. வாத்தியார் படித்தார். இரண்டே வரி. இனி எழுத வேண்டாம், உனக்கும் பயன் இல்லை, எனக்கும் நல்லதில்லை. கீழே கையெழுத்து.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் கடப்பாறைச் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். எங்கள் வீடும் அவன் வீடும் ஒட்டினாற்போல. மாயவன் வாசல் கல்லைப் பேர்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் பூசின, வேப்பிலை காய்ந்த கல்.

"டேய், செவப்பு வச்ச கல்லுடா அது."

"தெரியும்க்கா."

"பேக்காதடா. சொன்னா கேளு."

அவன் கேட்கவில்லை. என் பேச்சைத் தட்டின ஒரே நாள் அதுதான். கல்லை நெம்பி எடுத்தான். டப்பா எல்லாம் இல்லை, சூரியன் வந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டான். கல்லைப் பாதி வட்டம் திருப்பி வைத்து, காலால் மண்ணைத் தள்ளி மிதித்தான். நான் போட்ட அம்பு இப்போது தெற்கே பார்த்தது. கல்லுக்குள்ளே ஓடுகிற வரி தென்கிழக்கே, கடல் பக்கம் சாய்ந்தது.

"இப்பதான் சரியா கீது," என்றான்.

என்னை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு மழை பெய்த அன்றைக்கே தெரியுமா, அல்லது ஒன்றும் தெரியாமல்தான் பார்த்தானா, எனக்குத் தெரியாது. கேட்கவேண்டியவள் நான், சொல்லவேண்டியவளும் நான். "கஞ்சி ஆறுது, குடிச்சிட்டுப் போ" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

"வேணாம்க்கா."

கடப்பாறையைச் சுவரில் சாய்த்தான். சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தான், தைலம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். தெருவில் இறங்கினான்.

அந்த நேரம் வெள்ளிமலை பஸ் முக்கில்தான் நின்றது. கண்டக்டர் "மலைக்கு, மலைக்கு" என்று கத்திக்கொண்டிருந்தான். என் தம்பி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மலைக்குப் போகிறவன் மேற்கே போவான். அவன் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே நடந்தான். வாசலில் நின்று பார்த்தவள் நான்.